குளத்தடியில் நாங்கள் போட்ட கட்டைகள்

பலகையில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தார்கள். மலாய், ஆங்கிலம், கடைசியில் தமிழ். ‘இது இயற்கையாக அமைந்த மீன் வாழிடம். அனுமதி பெற்ற விருந்தினர் தவிர வேறு யாரும் இங்கே மீன் பிடிக்கக் கூடாது.’ தூண்டிலையும் புழு டின்னையும் கையில் வைத்துக்கொண்டு அதை இரண்டு முறை படித்தேன். மீன் பிடிக்கக் கூடாது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. முதலில் உறைத்தது ‘இயற்கையாக’ என்ற சொல். யாருடைய இயற்கை? அந்தக் கட்டைகளைத் தோளில் சுமந்து வந்து குளத்தில் இறக்கிய ஏழு பேரில் நானும் ஒருவன். அதற்காக வேலை போனவர் என் அண்ணன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பலகை அங்கே வந்ததற்கு நானும் ஒரு காரணம். குளத்தை அளக்க வந்தவர்களுக்குப் படகு ஓட்டியவன் நான்தான்.

எங்கள் தோட்டத்துக் குளம் பெரிய குளமில்லை. வெள்ளைக்காரத் துரை காலத்தில் ஆலைக்குக் கரண்டு எடுப்பதற்காக ஓடையை மறித்துக் கட்டியது. இப்போது கரண்டு கம்பியில் வருகிறது, குளம் சும்மா கிடக்கிறது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் பின்பக்கம் இறங்கினால் பத்து நிமிடத்தில் போய்விடலாம். மருந்தடிக்கும் பம்பை முதுகில் சுமந்து சுமந்து இடுப்பு போனதால் எனக்கு வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு நானும் என் மனைவியும் பிழைப்பது இந்தக் குளத்தை வைத்துத்தான். நான் பிடிக்கும் திலாப்பியாவையும் கெண்டையையும் அவள் மிளகாய் அரைத்துத் தடவிப் பொரித்து, சனி ஞாயிறு கியா பார்ம் பக்கம் சாலையோரத்தில் சோற்றோடு விற்கிறாள். பாசாரில் வாங்கும் ஐஸ் மீனை வைத்து அந்தக் கடையை நடத்த முடியாது. குளத்து மீன் என்பதால்தான் ஆட்கள் காரை நிறுத்துகிறார்கள்.

அளக்க வந்தது இரண்டு பேர். கிள்ளான் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள ஒரு மலாய்க்காரப் பையன். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தார்கள். அவர்களுடைய வேலை கடலில். தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பி, அது அடியில் பட்டுத் திரும்பி வருவதை வைத்துக் கடலுக்கு அடியில் எங்கே பாறை, எங்கே மணல், எங்கே புல், எங்கே எந்த உயிர் இருக்கும் என்று படம் போடுவார்களாம். அதே வேலையைக் குளத்தில் செய்ய எங்கள் தோட்ட நிர்வாகம் கூப்பிட்டிருந்தது. படகும் ஆளும் வேண்டும் என்று கேட்டபோது ஆபீசில் என்னைக் காட்டிவிட்டார்கள். எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. இருந்தாலும் படகில் பேச்சு அதிகம் இருக்காது என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

கருவி ஒரு சின்ன வெடிகுண்டு மாதிரி இருந்தது, கைக்குழந்தை நீளம். அதைக் கம்பியில் கட்டித் தண்ணீருக்குள் விட்டு, படகை நடக்கிற வேகத்தில் ஓட்ட வேண்டும். கோடு போட்ட மாதிரி நேராகப் போய், திரும்பி, கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு. போன கோட்டின் ஓரம் அடுத்த கோட்டில் கொஞ்சம் விழ வேண்டும். வளைந்தால் படம் கெட்டுவிடும்.

எனக்கு அது புது வேலையாகவே இல்லை. இருபத்தைந்து வருடம் மலைச்சரிவில் களைக்கொல்லி அடித்தவன் நான். எதிரே ஒரு மரத்தையோ கல்லையோ குறி வைத்துக்கொண்டு கண்ணை எடுக்காமல் போக வேண்டும். போன வரிசையின் ஓரத்தில் இந்த வரிசை கொஞ்சம் ஏற வேண்டும். படகையும் அப்படியே ஓட்டினேன்.

“அங்கிள், கடல்ல ஜிபிஎஸ் வச்சிக்கிட்டு ஓட்டுறவங்கூட இவ்ளோ நேரா ஓட்ட மாட்டான்” என்றாள் அந்தப் பெண்.

“மருந்தடிச்ச பழக்கம்மா.”

“இங்க வந்து பாருங்க, நீங்க ஓட்டுனது எப்படி வந்திருக்குன்னு.”

குடைக்குக் கீழே, கறுப்புத் துணி மூடிய கம்ப்யூட்டரில் குளத்தின் அடி தெரிந்தது. எல்லாம் ஒரே பழுப்பு நிறம். மெத்தென்ற சேறு இருட்டாக வரும், கெட்டியான பொருள் வெளிச்சமாக வரும், அதற்குப் பின்னால் நிழல் விழும் என்று சொல்லிக் கொடுத்தாள். மேலே காய்கறித் தோட்டங்களிலிருந்து மண் இறங்கி இறங்கி எங்கள் குளத்தின் அடி பூராவும் சிமெண்டு பூசிய தரை மாதிரி கிடந்தது. கேமராவை இறக்கிப் பார்த்தார்கள், கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. சத்தத்துக்கு மட்டும்தான் அந்தத் தண்ணீருக்குள் கண் இருந்தது.

இரண்டாம் நாள் காலை, ஓடை வந்து சேரும் பக்கம் போனபோது படத்தில் வெளிச்சமாகக் கொத்துக் கொத்தாக எழுந்து வந்தன. காலிஃபிளவர் பூக்களைக் கவிழ்த்து வைத்த மாதிரி. ஒவ்வொரு கொத்துக்கும் பின்னால் விரல் விரலாக நிழல். கொத்துகளுக்கு நடுவில் அரிசி இறைத்ததுபோல் வெள்ளைப் பொட்டுகள். அவை மீன்கள்.

“யா அல்லாஹ், பாஞ்ஞாக்ஞா!” என்றான் அந்தப் பையன். இவ்வளவா என்று அவனுக்கு ஆச்சரியம்.

நான் மோட்டாரின் பிடியை இறுக்கிக்கொண்டு பார்த்தேன். முப்பது வருடத்துக்குப் பிறகு அவற்றை அன்றுதான் திரும்பப் பார்த்தேன். அவர்கள் கேட்காமலேயே படகைத் திருப்பி அதே இடத்தின் மேல் இன்னும் மூன்று கோடுகள் ஓட்டினேன்.

அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். மேல் மலையில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நட்டார்கள். பிடுங்கிய கட்டைகளை அங்கேயே குவித்து எரிக்க வேண்டும் என்பது உத்தரவு, வேரில் நோய் இருக்கலாம் என்று. ஆனால் நல்ல முறுக்கேறிய கட்டைகளைப் பொறுக்கி ஆபீசில் கணக்குப் பார்த்த அந்தக் காலத்துக் கிராணி, தானா ராத்தா டவுனில் ஒருவனுக்கு விற்றுக்கொண்டிருந்தார். மேசைக்கால் செய்வதற்கு. எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டோம்.

அண்ணன் வேறு கணக்குப் போட்டார். குளத்தில் அப்போது மீன் தங்காது. கரையோரம் ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதன் கிளைகளுக்குள் மட்டும் குஞ்சுகள் மொய்க்கும். மற்ற இடமெல்லாம் மொட்டைத் தரை. கொக்கு வந்து குஞ்சுகளை அள்ளிக்கொண்டு போகும். “ஒளிய எடம் இல்லடா அதுங்களுக்கு. நாம எடம் குடுத்தா இருக்கும்” என்றார். மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் கிராணி ஆபீசை விட்டு வெளியே வர மாட்டார். அந்த நேரம் பார்த்துக் கட்டைகளைச் சரிவில் உருட்டிவிடுவோம். கீழே நான்கு நான்காகச் சேர்த்துப் பழைய வேலிக்கம்பியில் கட்டுவோம். பால் டின்களில் சிமெண்டை ஊற்றிக் காயவைத்து, கட்டுக்கு இரண்டாகத் தொங்கவிடுவோம். எண்ணெய் டிரம்களின் மேல் பலகை அடித்த தெப்பத்தில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவோம். ஏழு பேர், இரண்டு மழைக்காலம்.

ஒருநாள் ஒற்றைக் கட்டையோடு அண்ணன் பாதையில் மாட்டிக்கொண்டார். மறுநாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிட எல்லாரும் வரிசையாக நிற்கும்போது கிராணி அவரை முன்னால் கூப்பிட்டார்.

“எவனுக்குடா விக்கிற?”

“விக்கலிங்க. அடுப்புக்கு.”

“அடுப்புக்கா? மேசைக்கால எரிச்சிச் சோறாக்கிற பணக்காரன்டா நீ!”

சிலர் சிரித்தார்கள். அண்ணன் குளத்தைச் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். சொன்னால் தெப்பம் வெளியே வரும், நாங்கள் ஆறு பேரும் வெளியே போக வேண்டும். அவர் சொல்லவில்லை. நான் மூன்றாவது வரிசையில் நின்றேன். நானும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு, அண்ணியோடும் பிள்ளையோடும் கிள்ளானுக்கு லோரி ஓட்டப் போய்விட்டார். திருடியவர் ஆபீசில் உட்கார்ந்திருந்தார். திருடாதவர் சட்டி பானையோடு பஸ் ஏறினார்.

அன்றைக்கு எங்களுக்குள் பேசிக்கொண்டோம். யார் கேட்டாலும் குளத்துக்குள் கட்டை கிடையாது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அப்படிச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம்.

அதனால்தான் படகில் அந்தப் பெண், “அங்கிள், இது என்னா? மரமா?” என்று கேட்டபோது என் வாயிலிருந்து தானாக வந்தது. “தெரிலம்மா. அப்ப இருந்தே இருக்கு.”

“பக்கத்துல பக்கத்துல உருண்டையா ரெண்டு ரெண்டு இருக்கே?”

“கல்லா இருக்கும்.”

அவள் கேள்விகள் அச்சடித்த பாரத்தை எடுத்துக்கொண்டு லயத்துக்கும் போனாள். ஏழு பேரில் இன்னும் லயத்தில் இருப்பது என்னையும் சேர்த்து மூன்று பேர். மற்ற இருவரும் அதையேதான் சொன்னார்கள். குளிர் காய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா ஒருபடி மேலே போய், “அது அம்மன் வச்சது ஆயி, மனுசன் கையி படல” என்றாளாம். அவள் புருஷன்தான் கம்பியை முறுக்கிக் கட்டியவன். எல்லாவற்றையும் அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். படத்தில் அந்த இடத்துக்குப் பச்சை வண்ணம் போட்டு, இயற்கையாக மூழ்கிய மரங்கள், மீன் அதிகம், காக்க வேண்டிய இடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் சொன்னதைத்தான் எழுதினாள்.

நிர்வாகம் அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டது. பலகை நட்டார்கள். இரண்டு வாரத்தில் பிளாஸ்டிக் படகுகள் வந்தன. தோட்டத்துத் தேநீர்க் கடைக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் படகில் உட்கார்ந்து, எங்கள் கட்டைகளுக்கு மேல், மீனைப் பிடித்துப் போட்டோ எடுத்துத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டார்கள். நான் கரையில் நின்று பார்த்தேன். பசிக்குப் பிடிப்பவன் மீனுக்குக் கெடுதல். பொழுதுபோகாமல் அதன் வாயைக் கிழித்து விடுபவன் விருந்தாளி.

வீட்டில் மனைவி சொன்னாள்: “ரெண்டு சனிக்கிழம கடைய மூடிட்டோம். இன்னும் எத்தன நாளைக்கு வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு பலகையத் திட்டுவீங்க? போயி தொரைகிட்ட சொல்லுங்க.”

“என்னான்னு சொல்றது?”

“நாங்கதான் போட்டோம்னு சொல்லுங்க. பொண்ணு பாக்க வந்தப்பயும் இப்படித்தான் ஒரு வார்த்த பேசாம உக்காந்திருந்தீங்க. ஊமைன்னு நெனச்சித்தான் எங்கம்மா பாவப்பட்டு சரின்னுச்சி.”

இப்போதைய துரை, அதாவது மேனேஜர், தமிழர். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். மரியாதையாகத்தான் பேசுவார். ஆபீசுக்குப் போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். உள்ளே போனதும் பாதி மறந்துவிட்டது. சுவரில் குளத்தின் படம், சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

“வாங்கண்ணே, உக்காருங்க. என்னா விஷயம்?”

நான் உட்காரவில்லை. “தொரை, அது இயற்கை இல்ல. நாங்க போட்டது.”

“எது?”

“அந்தக் கட்டைங்க. எங்கண்ணன், நான், இன்னும் அஞ்சு பேரு.”

அவர் மேசையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். “சர்வேல கேட்டதுக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்களே. இதோ பாருங்க, உங்க பேரு.”

“பயந்துட்டோம்.”

“யாருக்கு?”

“கிராணிக்கு.”

“எந்தக் கிராணிக்கு? நம்ம கிராணி இப்ப இருபத்தஞ்சி வயசுப் பொண்ணுலா!”

“பழைய கிராணிக்கு.”

“அவரு செத்து எத்தன வருஷம் ஆச்சி?”

“பத்துப் பன்னெண்டு இருக்கும்.”

துரை நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். நல்ல மனிதர்தான், சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. செத்துப்போன ஒருவனுக்குப் பயந்து பொய் சொன்னது எங்கள் மடத்தனம்தான். ஆனால் அந்தப் பயத்தை எங்களுக்குள் வைத்தது யார்? ஒரு கட்டைக்காக ஒரு குடும்பத்தைப் பஸ் ஏற்றிய இந்த ஆபீஸ்தானே? இதெல்லாம் மனதுக்குள் ஓடியது. வாயில் வந்தது ஒன்றுதான்.

“சிரிக்காதீங்க தொரை. எங்கண்ணனுக்கு அதுலதான் வேல போச்சி.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். பேனாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, நீங்க போட்டதுன்னே வச்சிக்குவோம். அப்ப எஸ்டேட் கட்டையப் பர்மிஷன் இல்லாம எடுத்து எஸ்டேட் குளத்துல கொட்டியிருக்கீங்க. அதுக்குப் பேரு குப்பைண்ணே. இயற்கைன்னா யாரும் பிடிக்கக் கூடாது. உங்களுதுன்னா நீங்க எடுத்துடணும். எது வேணும், நீங்களே சொல்லுங்க.”

பேச்சைக் கேட்டீர்களா? காலையில் காக்க வேண்டிய இடம். நான் வாயைத் திறந்ததும் குப்பை. அதே கட்டை, அதே மீன். மாறியது, போட்ட ஆள் லயத்துக்காரன் என்பது மட்டும்.

“எங்களுது” என்றேன்.

“அப்ப எழுதி சூராட் குடுப்பேன், பேரப் போட்டு சாயின் வைப்பீங்களா?”

“குடுங்க.”

வெளியே வந்து அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் போனில் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

“அங்கிள், அப்பவே சொல்லியிருக்கலாமே. சவுண்டு, அடி கெட்டியா இருக்கா மெத்துனு இருக்கான்னு மட்டும்தான் சொல்லும். யாரு போட்டாங்கன்னு மனுஷங்கதான் சொல்லணும்.”

“இப்ப சொல்றேன்ல.”

“இப்ப சொன்னா எழுத்துல ஏதாச்சும் வேணும் அங்கிள். என் மேலதிகாரிங்க கேப்பாங்க. எழுத்துல இருந்தா மாத்தியே ஆகணும், நான் மாத்துவேன்.”

இரண்டு நாள் கழித்து துரையின் கடிதம் தயாரானது. மலாயில் இருந்தது. மெதுவாகப் படித்தேன். ‘குளத்தின் அடியிலுள்ள தேயிலைக் கட்டைகள் அனுமதியின்றி எங்களால் போடப்பட்டவை. அவற்றை அகற்றும் பொறுப்பு எங்களுடையது.’ கீழே, கட்டை போட்டவர்களின் பெயர்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். என்னை மிரட்டுவதற்காக எழுதிய கடிதம் அது. ஆனால் நாங்கள் போட்டது என்று தோட்டத்து முத்திரையோடு வேறு எந்தக் காகிதம் சொல்லும்? முதல் பெயராக அண்ணன் பெயரை எழுதினேன். பிறகு என் பெயர். மற்ற இருவரும் சாயின் வைக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். “முப்பது வருஷமா மூடுன வாய எதுக்குலா தொறந்த? எங்களையும் சேத்துத் தெருவுல நிறுத்தப் போறியா?” என்று ஒருவன் கதவைச் சாத்தினான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இவ்வளவு நாள் நானும் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன்.

கடிதத்தைப் போட்டோ எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். அன்று சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டேன்.

“ஏன்டா, என் பேரப் போட்டியா?”

“போட்டேன்ணே.”

“எத்தனாவதா?”

“மொதல்ல.”

“டேய், பாத்துடா. அந்தாளு சுடுகாட்டுலேருந்து எழுந்து வந்துரப் போறான், மேசைக்கால் எங்கடான்னு.” சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் நின்றது. பிறகு, “மீனு நெறைய இருக்கா?” என்று கேட்டார்.

“அரிசி கொட்டுன மாதிரி இருக்கு.”

அதோடு போனை வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் புதுப் படம் வந்தது. பச்சை வண்ணம் அப்படியே இருந்தது, எழுத்து மட்டும் மாறியிருந்தது: ‘தோட்டத் தொழிலாளர்கள் கட்டிப் போட்ட தேயிலைக் கட்டைகள். மீன் பெருக்கத்துக்கு உதவுகின்றன. அகற்றினால் மீன் குறையும்.’ இயற்கை என்ற சொல் போய்விட்டதால் பலகைக்கு ஆதாரம் இல்லை. அகற்றினால் மீன் குறையும் என்று இருப்பதால் குப்பை என்றும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் பலகையை யாரும் பிடுங்கவில்லை, என் சாயினையும் யாரும் திருப்பித் தரவில்லை. பழைய படம் இன்னும் ஆபீஸ் சுவரில்தான் தொங்குகிறது. புதியது எந்த இழுப்பறையில் கிடக்கிறதோ.

நான் தூண்டிலை எடுத்துக்கொண்டு மறுபடி போகத் தொடங்கினேன். முதல் வாரம் காவல்கார ஜாகா வந்து நின்று பார்த்தான். நேப்பாளத்துக்காரன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அடுத்த வாரம் துரையே வந்தார். காரை மேலே நிறுத்திவிட்டுக் கரை வரைக்கும் இறங்கி வந்தார். பழைய நானாக இருந்தால் எழுந்து நின்றிருப்பேன்.

“என்னண்ணே, சாயின் வச்சீங்களே. எப்ப எடுக்கப் போறீங்க?”

“எடுக்கறேன் தொரை.”

“அதான், எப்ப?”

“தண்ணி வத்தட்டும். எறங்கி எடுத்துர்றேன்.”

அவர் குளத்தைப் பார்த்தார். மேலே மழை இருட்டிக்கொண்டு வந்தது. வழுக்குகிற பாதையில் தடுமாறி ஏறிப் போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் புதுப் புழுவைக் கோர்த்து, கட்டைகள் இருக்கும் பக்கமாக வீசினேன்.